பயோடேட்டா எழுதுவது எப்படி: சேலத்தில் முதல் வேலை தேடுபவர்களுக்கு

சேலத்தில் முதல்முறை வேலை தேடுகிறவர்களின் பயோடேட்டாக்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். பெரும்பாலும் அவை ஜெராக்ஸ் கடைக் கணினியில் பிறந்தவை. கடைக்காரரிடம் ஏற்கெனவே ஒரு ஃபைல் தயாராக இருக்கும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமண நிலை, மார்க் அட்டவணை, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழி. பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை அடித்தால் பத்து நிமிடத்தில் பிரின்ட் கைக்கு வந்துவிடும். சில நேரம் முந்தைய ஆளின் பொழுதுபோக்கும் அழியாமல் கூடவே வரும்.

அந்தத் தாளைப் படிப்பவருக்கு நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் தெரியாது. ஆள் எடுப்பவர் தேடுவதோ அதைத்தான். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் குறையைச் சரிசெய்யத்தான்.

முதலில், பயோடேட்டா தேவையா என்று பாருங்கள்

எல்லா வேலைக்கும் தேவையில்லை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு இணைய விண்ணப்பம் மட்டும்தான். சேலம் உருக்காலை மத்திய அரசின் செயில் நிறுவனத்தின் கீழ் இருப்பதால், அதன் நிரந்தர வேலைகளுக்கு அறிவிப்பு வரும்போது இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கேட்டில் பயோடேட்டா கொடுத்துவிட்டு வருவதால் பயன் இல்லை. ஆனால் ஆலைகளுக்குள் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் நிறுவனங்கள், ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்கா போன்ற இடங்களில் உள்ள ஐ.டி., பி.பி.ஓ. அலுவலகங்கள், மருத்துவமனைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், ஜவுளி ஏற்றுமதியாளர்கள், ஏற்காட்டு ரிசார்ட்டுகள், தனியார் பள்ளிகள் என எல்லோரும் முதலில் கேட்பது பயோடேட்டாதான்.

பயோடேட்டா, ரெஸ்யூம், சி.வி. என்று மூன்று பெயர் சொல்வார்கள். நம் ஊர் விளம்பரங்களில் மூன்றும் ஒன்றே. கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சிப் பணிகளுக்கு மட்டும் கட்டுரைகள், கருத்தரங்குகள் எல்லாம் சேர்ந்த நீண்ட சி.வி. வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு பக்கம் போதும். ஐந்தாறு வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் இரண்டு பக்கம் போகலாம்.

எந்த மொழி? விளம்பரம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஆங்கிலம். தினசரியின் தமிழ் வரி விளம்பரம், சுவரில் ஒட்டிய நோட்டீஸ், பட்டறை வேலை என்றால் சுத்தமான தமிழில் ஒரு பக்கம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் உங்களால் வாய்விட்டு விளக்க முடிந்த வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். இணையத்தில் கிடைத்த அலங்கார வாக்கியத்தை அப்படியே ஒட்டினால், இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

ஒரு மூலக்கோப்பு, அதிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நகல்

உட்கார்ந்து ஒரு மணி நேரம் செலவழித்து, படித்தது, செய்தது, கற்றது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கொட்டுங்கள். ஒழுங்கு பார்க்க வேண்டாம். தேதிகளைச் சான்றிதழ் பார்த்து மாதம், வருடத்தோடு குறியுங்கள். இதுதான் மூலக்கோப்பு, இதை யாருக்கும் அனுப்பக் கூடாது.

பிறகு வேலை விளம்பரத்தை எடுத்து, அவர்கள் கேட்கும் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். 'டேலி தெரிந்திருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. பில் போடத் தெரிய வேண்டும், டூ வீலர் அவசியம்' என்று இருந்தால் மூன்று கோடு. மூலக்கோப்பிலிருந்து இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் வரிகளை எடுத்து நகலின் மேல் பாதியில் வையுங்கள். படிப்பவர் பெரும்பாலும் கைபேசித் திரையில் பார்க்கிறார். முதல் திரையில் அவருக்கு வேண்டியது கண்ணில் படாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

பெயரும் இனிஷியலும்

இந்த இடத்தில்தான் தமிழர்களுக்கு அதிகம் சிக்கல் வருகிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கார்த்திகேயன் மு' என்று இருக்கும். ஆதாரில் இனிஷியலே இல்லாமல் இருக்கலாம். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார்கள். கல்லூரிச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருக்கும். வேலை கிடைத்த பிறகு நிறுவனம் ஆவணங்களைச் சரிபார்க்கும்போது இந்த நான்கும் ஒத்துப்போகாமல் சேரும் தேதி தள்ளிப்போவது உண்டு.

பயோடேட்டாவின் தலைப்பில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். இணையதளப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்டால் பான் கார்டில் உள்ள முறையைப் பின்பற்றுங்கள். எல்லா இணையதளத்திலும் ஒரே முறையில் கொடுங்கள். ஒன்றில் 'மு' என்றும் இன்னொன்றில் 'முருகேசன்' என்றும் கொடுத்தால் கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். ஆவணங்களிலேயே வேறுபாடு இருந்தால், வேலை தேட ஆரம்பிக்கும்போதே ஆதாரையாவது மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகும்படி திருத்தி வையுங்கள்.

பெயருக்குக் கீழே கைபேசி எண் ஒன்று போதும். அடிக்கடி சிம் மாற்றுபவர்கள் வேலை கிடைக்கும்வரை அந்த எண்ணை விடாதீர்கள். மின்னஞ்சல் உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளி நாளில் நடிகர் பெயரில் ஆரம்பித்த கணக்கு வேண்டாம். முகவரியில் கதவு எண், தெரு எல்லாம் தேவையில்லை. 'ஓமலூர், சேலம் மாவட்டம்' என்ற அளவும் பின்கோடும் போதும்.

ஊர்ப் பெயர் இங்கே ஒரு காரணத்துக்காக முக்கியம். வாழப்பாடியிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ வருபவர் இரவு ஷிப்ட் முடிந்து எப்படி வீடு போவார் என்று மேலாளர் யோசிப்பார், கேட்காமலே ஒதுக்கியும் விடுவார். அந்த யோசனைக்கு நீங்களே பதில் எழுதிவிடுங்கள்: 'சொந்த இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் உண்டு', 'சேலத்தில் தங்கிப் பணிபுரியத் தயார்', 'மூன்று ஷிப்டிலும் வேலை செய்யலாம்'. எது உண்மையோ அது. ஓசூர், கோவை, பெங்களூரு நிறுவனங்களுக்கு அனுப்பும் நகலில் 'இடம் மாறத் தயார்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டு வரி அறிமுகம்

'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் நோக்கம்.' இந்த வரியை எடுத்துவிடுங்கள். இதைப் படித்து யாரும் யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை. அந்த இடத்தில் என்ன படிப்பு, என்ன கைவேலை, எந்த வேலைக்கு, எப்போது சேர முடியும் என்று எழுதுங்கள்.

'மெக்கானிக்கல் டிப்ளமோ, 2024. சி.என்.சி. லேத்தில் 3 மாதப் பயிற்சி; வெர்னியர், மைக்ரோமீட்டரில் அளக்கத் தெரியும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை தேடுகிறேன், உடனே சேரலாம்.'

அனுபவம்: 'எதுவும் இல்லை' என்று நினைப்பவர்கள்தான் அதிகம் எழுத வேண்டியவர்கள்

பயோடேட்டாவின் மற்ற எல்லாப் பகுதியையும் விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். சேலத்துப் பிள்ளைகளில் பலர் படிக்கும்போதே குடும்பத் தொழிலில் கை வைத்தவர்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதால் அதை அனுபவமாக நினைப்பதே இல்லை. 'ஃபிரஷர்' என்று எழுதிவிட்டுத் தாளில் பாதியை வெறுமையாக விடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலையாட்களுக்கு வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பது, மாலையில் திரும்பி வரும் பொருளை எடைபோடுவது, சேதாரம் போக மீதம் நேர் ஆகிறதா என்று பார்ப்பது. கணக்கு வேலைக்கு ஆள் தேடும் நிறுவனத்தின் மொழியில் இதற்குச் சரக்கு இருப்புக் கணக்கு என்று பெயர். பி.காம். படித்துவிட்டு இதையும் செய்தவர் அதை இப்படி எழுதலாம் (எண்கள் மாதிரிக்கு, உங்களுடையதைப் போடுங்கள்):

'குடும்ப வெள்ளிப் பட்டறையில் உதவி, ஜூன் 2021 முதல் ஏப்ரல் 2024 வரை, கல்லூரி நேரம் போக. 6 வேலையாட்களுக்குக் கொடுத்த வெள்ளி, திரும்பிய பொருள், சேதாரம் மூன்றையும் தினமும் எடைபோட்டு எக்செல்லில் பதிந்தேன். மாதக் கடைசியில் இருப்பை நேரில் எடைபோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டேன்.'

'அப்பாவுக்குக் கடையில் உதவியாக இருந்தேன்' என்று எழுதினாலும் பொய்யில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களா, கணக்குப் பார்த்தீர்களா என்று தெரியாது. வித்தியாசத்தை உண்டாக்குவது மூன்று விஷயங்கள்: செய்த வேலையைச் சொல்லும் வினைச்சொல், எவ்வளவு என்று சொல்லும் எண், எந்தக் கருவியில் என்று சொல்லும் பெயர். ஒவ்வொரு வரியிலும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

இதே முறையில் இளம்பிள்ளை விசைத்தறிக் குடும்பத்தவர் எத்தனை தறி பார்த்தார், பாவு பிணைக்கத் தெரியுமா, எந்த வகைச் சேலை என்று எழுதினால் ஜவுளி நிறுவனத்தின் உற்பத்தி மேற்பார்வை வேலைக்கு அது நேரடித் தகுதி. ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் விடுமுறைக்கு வேலை செய்த பி.எஸ்சி. வேதியியல் மாணவி, மரவள்ளிக் கிழங்கு லோடுக்கு மாவுச்சத்துப் பாயின்ட் பார்த்திருந்தால், அது மாதிரி எடுத்துச் சோதிக்கும் பணி. 'ஒரு நாளைக்கு எத்தனை லோடு சோதித்தேன்' என்ற எண்ணைச் சேர்த்தால், உணவுத் தொழிற்சாலை ஆய்வகம் ஒன்று அவரைக் கூப்பிட்டுப் பேச ஒரு காரணம் கிடைக்கிறது.

கல்லூரி ப்ராஜெக்ட்டும் இன்பிளான்ட் ட்ரெயினிங்கும் இதே பகுதியில் வரலாம். தலைப்பை மட்டும் போட்டால் போதாது. நான்கு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்டில் உங்கள் பங்கு எது? சர்க்யூட் போட்டது நீங்களா, அறிக்கை எழுதியது நீங்களா? உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். வெளியில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால் அதை விட்டுவிடுவது நல்லது. இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

வரிசை எப்போதும் புதியதிலிருந்து பழையதற்கு. நிறுவனப் பெயர், பதவி, ஊர், மாதமும் வருடமும், அதன் கீழே மூன்று நான்கு வரி.

திறமைகள்: பெயர் போதாது, அளவு வேண்டும்

'கம்ப்யூட்டர் தெரியும்', 'வெல்டிங் தெரியும்' என்ற வரிகளால் யாருக்கும் உதவி இல்லை. ஒவ்வொரு தொழிலிலும் ஆள் எடுப்பவர் தேடும் குறிப்பான சொற்கள் இருக்கின்றன.

ஐ.டி.ஐ. வெல்டர் என்றால் ஆர்க், மிக், டிக் இவற்றில் எது, 3ஜி, 6ஜி நிலைகளில் எதில் வெல்டு போட முடியும், தட்டா குழாயா. ஃபிட்டர், மெஷினிஸ்ட் என்றால் எந்த மெஷின், சி.என்.சி. என்றால் எந்தக் கன்ட்ரோல், 0.01 மி.மீ. மைக்ரோமீட்டர் வாசிக்கத் தெரியுமா, வரைபடம் பார்த்து வேலை செய்ய முடியுமா. தேசியத் தொழில் சான்றிதழோடு அப்ரென்டிஸ் முடித்த சான்றிதழும் இருந்தால் இரண்டையும் தனித்தனி வரியில் போடுங்கள். மேட்டூர் இரசாயன ஆலைகள், பொட்டனேரி இரும்பாலை போன்ற பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரா என்பதையும் பார்ப்பார்கள்.

லீ பஜார் மொத்த வியாபாரக் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்களுக்கு 'டேலி பிரைம்' என்று மட்டும் எழுதாதீர்கள். பர்ச்சேஸ், சேல்ஸ் என்ட்ரி போடுவீர்களா, பேங்க் ரிகன்சிலியேஷன் செய்வீர்களா, ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி தாக்கலுக்குத் தகவல் தயாரிப்பீர்களா, ஈ-வே பில் எடுத்ததுண்டா என்று பிரித்து எழுதுங்கள். தட்டச்சில் இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45 என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு. தமிழா ஆங்கிலமா என்பதையும் சேருங்கள்.

மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும்) வேலைக்கு, அதற்கான சி.பி.சி. சான்றிதழ் இருந்தால் அது பெயருக்கு அடுத்த வரியிலேயே வர வேண்டும். இல்லையென்றால் ஐ.சி.டி.-10, சி.பி.டி. குறியீடுகளில் பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்று எழுதுங்கள். நர்சிங் படித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பதைக் குறிப்பிட்டு, எந்த வார்டில் எத்தனை மாதம் என்று பிரித்துப் போடுங்கள், ஐ.சி.யூ. அனுபவமும் பொது வார்டு அனுபவமும் ஒரே எடை கிடையாது.

திறமைக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரத்தில் நான்கு, 80 சதவீதப் பட்டை என்று படம் போடாதீர்கள். எதில் 80 என்று யாராலும் சொல்ல முடியாது.

மொழிகள் என்ற வரியைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். சேலத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் நிறைய. பெங்களூரு, ஐதராபாத் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைக்குக் கன்னடமும் தெலுங்கும் பெரிய பலம். எழுதத் தெரியாவிட்டால் 'பேச மட்டும்' என்று போடுங்கள், போதும்.

படிப்பு, அரியர், இடைவெளி

படிப்பை மூன்று நான்கு வரியில் முடியுங்கள். கடைசிப் படிப்பு முதலில். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே: சி.ஜி.பி.ஏ. என்றால் '7.4 / 10', சதவீதம் என்றால் சதவீதம். நிற்கும் அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். 'ஒரு பாடம், நவம்பர் தேர்வில் எழுதுகிறேன்' என்று எழுதலாம். தமிழ் வழியில் படித்ததை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

குரூப் 2, குரூப் 4 என்று இரண்டு மூன்று வருடம் படித்துவிட்டுத் தனியாருக்கு வருபவர்கள் அந்த வருடங்களைக் காலியாக விடுகிறார்கள். காலியாக விட்டால் படிப்பவர் தானாக ஏதாவது நினைத்துக்கொள்வார். '2022–2024: போட்டித் தேர்வுத் தயாரிப்பு, அதே காலத்தில் ஆங்கிலத் தட்டச்சு முதுநிலை தேர்ச்சி' என்று நேராக எழுதுங்கள். திருமணம், குழந்தை, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது ஆகியவற்றுக்கும் 'குடும்பப் பொறுப்பு' என்று ஒரே வரி போதும், வருடத்தோடு. அதற்கு மேல் விளக்கம் தர நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

எதை எடுத்துவிட வேண்டும்

சாதி, மதம், அப்பாவின் தொழில், திருமண நிலை: விளம்பரம் கேட்காதவரை எதுவும் வேண்டாம். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு ஒருபோதும் கூடாது. உங்கள் பயோடேட்டா வாட்ஸ்அப் குழுக்களில் யார் யார் கைக்கோ போகும். அந்த எண்களை வைத்து மோசடி செய்பவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து, உறுதிமொழி தேவையில்லை. பொழுதுபோக்கு என்று 'டி.வி. பார்ப்பது, பாட்டு கேட்பது' போடுவதற்குப் பதில், மாவட்ட அளவில் கபடி ஆடியிருந்தால் அதைப் போடுங்கள். புகைப்படம் ரிசார்ட் வரவேற்பறை, விமானப் பணி போன்ற வேலைகளில் கேட்பார்கள். மற்றவற்றுக்கு அவசியம் இல்லை.

ஏற்காட்டு வேலைகளுக்கு இரண்டு வார்த்தை. ரிசார்ட், ஓட்டல் வேலைக்குத் தங்கி வேலை செய்யத் தயாரா, சனி ஞாயிறும் மே மாத சீசனிலும் விடுப்பு இல்லாமல் வர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. அதை அறிமுக வரியிலேயே சொல்லுங்கள். மலையில் உள்ள உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பும்போது கற்பிக்கும் பாடத்தோடு, விடுதிப் பொறுப்பு ஏற்க முடியுமா, எந்த விளையாட்டைப் பயிற்றுவிக்க முடியும் என்பதும் எடை கூட்டும். காபித் தோட்ட மேற்பார்வைக்கு எத்தனை ஏக்கர், எத்தனை ஆட்கள், மிளகு ஊடுபயிர் பார்த்த அனுபவம் உண்டா என்று எழுதுங்கள்.

தாளும் ஃபைலும்

ஏ4 தாள், நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம், எழுத்து 11 புள்ளி, பெயர் மட்டும் 16. காலிப்ரி, ஏரியல் போன்ற சாதாரண எழுத்துரு. ஒரே நெடுவரிசையாக (காலம்) மேலிருந்து கீழே. இரண்டு நெடுவரிசை, கட்டம், வண்ணப் பட்டை உள்ள டெம்ப்ளேட்டுகள் பார்க்க அழகு. ஆனால் பெரிய நிறுவனங்களும் வேலைவாய்ப்பு இணையதளங்களும் பயோடேட்டாவை முதலில் மென்பொருளில் படிக்கவிடுகின்றன. அது கட்டத்துக்குள் இருப்பதைக் கலைத்துப் படிக்கும்; தாளின் தலைப்பு ஓரத்தில் போட்ட கைபேசி எண்ணைச் சில மென்பொருள்கள் பார்ப்பதே இல்லை.

சோதிக்க எளிய வழி உண்டு. பி.டி.எஃப். ஆக்கிய பிறகு அதைத் திறந்து எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை மாறாமல் வந்தால் மென்பொருளும் சரியாகப் படிக்கும். எழுத்தே ஒட்டவில்லை என்றால் உங்கள் ஃபைல் வெறும் படம். அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்புபவர்களுக்கு நடப்பது இதுதான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கண்ணி. சில டி.டி.பி. கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் ஃபைலைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 'யூனிகோடில் அடியுங்கள்' என்று சொல்லிக் கேளுங்கள். கடையிலிருந்து கிளம்புமுன் வேர்ட், பி.டி.எஃப். இரண்டையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டு, கடைக் கணினியில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு வரி மாற்ற மறுபடியும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கைபேசியிலேயே கூகுள் டாக்ஸில் அடித்துப் பி.டி.எஃப். ஆக்கலாம், செலவே இல்லை.

ஃபைல் பெயர் 'ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று இருந்தால் வாங்குபவர் கைபேசியில் தொலைந்துவிடும். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். அளவு 1 எம்.பி.க்குள்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் ஃபைலை மட்டும் தள்ளிவிடாதீர்கள். கூடவே நான்கு வரி: 'வணக்கம். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலை விளம்பரம் பார்த்தேன். பி.காம்., டேலி பிரைமில் ஒரு வருட அனுபவம். ஓமலூரில் இருக்கிறேன், டூ வீலர் உண்டு. பயோடேட்டா இணைத்திருக்கிறேன்.' மின்னஞ்சல் என்றால் பொருள் வரியில் வேலைப் பெயர், உங்கள் பெயர், ஊர்.

கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடப்பதுண்டு. தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். முகாமுக்குப் போகும்போது ஐந்தாறு பிரதி, சான்றிதழ்களின் ஜெராக்ஸ் ஒரு செட், ஒரிஜினல் தனிக் கவரில். ஒரிஜினலைக் காட்டலாம், விட்டுவிட்டு வராதீர்கள். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. எந்தத் தேதியில், யாருக்கு, எந்த நகலை அனுப்பினீர்கள், சம்பளம் எவ்வளவு கேட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து தெரியாத எண்ணிலிருந்து போன் வந்து 'எங்களுக்கு அப்ளை பண்ணீங்களே' என்று கேட்கும்போது, எந்த வேலை என்று திரும்பக் கேட்காமல் பேச அது உதவும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். இருபது இடத்துக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை என்றால் நோட்டை எடுத்து, அறிமுக வரியையும் அனுபவப் பகுதியையும் அந்த விளம்பரங்களோடு மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். போன் வருகிறது, நேரில் போனபின் வேலை கிடைக்கவில்லை என்றால் தாளைத் தொட வேண்டாம். அடுத்துத் தயாராக வேண்டியது இன்டர்வியூவுக்கு.